ரோபோவுக்குக் கழுத்து செய்த கதை

ஆயுத பூஜை அன்று எங்கள் சுரங்கத்து ஒர்க்‌ஷாப்புக்குள் ரிட்டையர் ஆனவர்களையும் விடுவார்கள். மற்ற நாட்களில் கேட்டில் பாஸ் கேட்கிற காவலரே அன்று, "வாங்கம்மா, பொரி வாங்கினீங்களா?" என்பார். போன பூஜைக்குப் போனபோது, நான் நின்று வேலை பார்த்த இடத்தில் கம்ப்யூட்டரில் ஓடும் புது மெஷின் ஒன்று மாலை போட்டுக்கொண்டு நின்றது. அதை ஓட்டுகிற பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். என்னை நாற்காலியில் உட்காரவைத்துச் சுண்டலைக் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டாள்.

"மேடம், நீங்க செஞ்சதுலயே பெரிய ஜாப் எது மேடம்?"

சுற்றி இன்னும் நாலைந்து பேர் நின்றார்கள். சுரங்கத்து ராட்சத மெஷினுக்குச் செய்த ஏதாவது ஒரு பல்சக்கரத்தைச் சொல்வேன் என்று எதிர்பார்த்தார்கள் போலிருக்கிறது.

"ஒரு வளையம். சாப்பாட்டுத் தட்டு அளவு இருக்கும்" என்றேன்.

எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "பெரிய ஜாப் கேட்டா சின்னத சொல்றீங்களே மேடம்!"

"அதுதாம்மா பெருசு. அதுவும் சர்வீஸ்ல செஞ்சது இல்ல. ரிட்டையர் ஆனதுக்கு அப்புறம் செஞ்சது."

அதற்குள் தீபாராதனைக்கு மணி அடித்துவிட்டது. கதை பாதியில் நின்றுவிட்டது. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் பெயர் கஸ்தூரி. சொந்த ஊர் குள்ளஞ்சாவடிப் பக்கம். அப்பா சுரங்கத்தில் கன்வேயரில் வேலை பார்த்தார். சர்வீஸில் இருக்கும்போதே இறந்தார். வாரிசு வேலை எனக்குக் கிடைத்தது. மெஷின் ஷாப்பில் ஹெல்ப்பராகப் போட்டார்கள். சேலைத் தலைப்பை இடுப்பில் இறுக்கிச் செருகி, மேலே அப்பாவின் காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு, இரும்புச் சுருள்களைக் கூட்டி அள்ளுவதில் ஆரம்பித்தேன். பிறகு எண்ணெய் விட்டேன், பிறகு சின்னப் பின்கள் கடைந்தேன், டிரேடு டெஸ்ட் எழுதினேன், டர்னர் ஆனேன். கற்றுக்கொண்ட வருடங்களைப் பற்றி இதற்கு மேல் சொல்ல எதுவும் இல்லை. இரும்பைக் கடையும் லேத்தின் முன்னால் முதன்முதலாகத் தனியாக நின்ற அன்றே இது எனக்கான இடம் என்று தெரிந்துவிட்டது, அவ்வளவுதான்.

ஆனால் ஃபோர்மேன் சாமிநாதன் சாரைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. ஈரோட்டுப் பக்கத்துக்காரர். கூட்டிப் பெருக்குகிற என்னைக்கூட 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். மற்ற ஃபோர்மேன்கள் டிராயிங்கை மேஜையில் விரித்துவிட்டு எப்போது முடியும் என்று கேட்பார்கள். அவர் டிராயிங்கைச் சுருட்டி அக்குளில் வைத்துக்கொண்டு முதலில் ஒரு கேள்வி கேட்பார்.

"இது எங்க போய் உக்காருதுங்க?"

தெரியாது என்று சொன்னால் டிராயிங் கைக்கு வராது. அந்தப் பாகம் எந்த மெஷினில், எதன் மேல், எதோடு உரசி வேலை செய்யப்போகிறது என்று போய்ப் பார்த்துவிட்டு வரவேண்டும். முடித்த வேலையைப் பனியன் வேஸ்ட்டால் துடைத்து அவர் முன்னால் வைத்தால், உடனே அளவுக் கருவியை எடுக்கமாட்டார். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் விளிம்பை ஒரு சுற்றுத் தடவுவார். எங்காவது பிசிறு இருந்து விரலைக் கிழித்தால் திட்டமாட்டார். ரத்தம் வரும் விரலை நம் முகத்துக்கு நேராகக் காட்டிவிட்டுக் குழாயடிக்குப் போய்விடுவார். அதற்குத் திட்டு வாங்குவதே மேல்.

அவரோடு சுரங்கத்துக்குள் போன ஒரு நாளைச் சொல்கிறேன். பின்னால் வரப்போகிற கதைக்கு அது தேவை.

சுரங்கத்தில் மண்ணை வெட்டும் பெரிய மெஷினை இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. ஒரு தெருவே எழுந்து நடப்பது போல இருக்கும். அதன் மேல் பாதி முழுக்க ஒரு மாபெரும் இரும்பு வளையத்தின் மேல் உட்கார்ந்து இடமும் வலமும் திரும்பும். வளையத்துக்குள் உருண்டைகள் ஓடும். வளையத்தின் வெளிப்பக்கம் பற்கள். ஒரு சின்னப் பல்சக்கரம் அந்தப் பற்களைக் கடித்துக்கொண்டு சுற்றினால் மேல் பாதி முழுவதும் திரும்பும். அந்தச் சின்னச் சக்கரம் அப்போது அடிக்கடி பல் உடைந்து எங்கள் ஷாப்புக்கு வந்துகொண்டிருந்தது. நாங்கள் புதிது செய்து அனுப்புவோம். அதுவும் உடைந்து வரும்.

சாமிநாதன் சார் என்னை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு நேராகச் சுரங்கத்துக்குப் போனார். மெஷினை நிறுத்தச் சொல்லி, ஏணியில் ஏறி, கிரீஸ் வழியும் வளையத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பையிலிருந்து ஈயக் கம்பித் துண்டுகளை எடுத்து என்னிடம் கொடுத்தார். ஒவ்வொன்றாகப் பற்களுக்கு நடுவே வைக்கச் சொன்னார். மெஷினைக் கொஞ்சம் திருப்பினால் கம்பி நசுங்கி வெளியே வரும். நசுங்கிய கம்பி எவ்வளவு மெல்லிசாக இருக்கிறதோ, அந்த இடத்தில் பற்கள் அவ்வளவு இறுக்கம். வளையம் முழுக்கச் சுற்றி இப்படியே அளந்தோம்.

மண்ணை வெட்டும்போது மெஷின் எப்போதும் ஒரு பக்கத்தில்தான் ஆடும். அந்தப் பக்கத்துப் பற்கள் வருடக்கணக்கில் தேய்ந்து தளர்ந்திருந்தன. வேலை செய்யாத பின்பக்கத்துப் பற்கள் புதிது போலவே இருந்தன. சக்கரத்தை மாற்றும்போது தளர்ந்த பக்கத்தில் வைத்துப் பொருத்தியிருக்கிறார்கள். மெஷின் இடம் மாறுவதற்காக ஒரு முழுச் சுற்றுத் திரும்பும்போது, தேயாத பக்கம் வந்து சக்கரத்தை நெரித்து உடைத்திருக்கிறது. யாருடைய தப்பும் இல்லை. யாரும் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்க்கவில்லை, அவ்வளவுதான்.

"இறுக்கமான எடத்தைத் தேடோணுங்க. அங்க எடம் விட்டு வெச்சா மீதியெல்லாம் தன்னால ஓடும்" என்றார் சார். அப்படியே பொருத்தினோம். அதற்குப் பிறகு அந்தச் சக்கரம் உடைந்து வந்து நான் பார்த்ததில்லை.

தானே புயல் அடித்து, சுரங்கக் குடியிருப்பான நகரியத்து மரங்களும் சுற்றியிருந்த முந்திரித் தோப்புகளும் சாய்ந்து கிடந்த சமயத்தில்தான் நான் ரிட்டையர் ஆனேன். குவார்ட்டர்ஸைக் காலி செய்துவிட்டு மந்தாரக்குப்பத்தில் வீடு பிடித்தோம். என் கணவர் அனல் மின் நிலையத்தில் இருந்து எனக்கு முன்பே ரிட்டையர் ஆனவர். அவருக்கு வீட்டில் இருக்கத் தெரியும். எனக்குத் தெரியாது. எங்கள் தெரு முனையில், என்னோடு மெஷின் ஷாப்பில் வேலை பார்த்த ஜமால் பாய் சொந்தமாக லேத் பட்டறை வைத்திருந்தார். டிராக்டர் பின், மோட்டார் ஷாஃப்ட் என்று வேலை வந்துகொண்டே இருக்கும். காலையில் சமைத்து வைத்துவிட்டு அங்கே போக ஆரம்பித்தேன்.

அங்கேதான் ஒரு நாள் ஏழுமலை வந்தார். சுரங்கத்தில் கான்ட்ராக்ட் ஆள். சைக்கிள் கேரியரில் பிளைவுட் பலகையும் சக்கரமும் ஒயருமாக ஏதோ ஒன்றைக் கட்டியிருந்தார். பின்னாலேயே ஒல்லியாக, கண்ணாடி போட்ட பெண் ஒருத்தி அதைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தாள். அவர் மகள் நந்தினி. பக்கத்து ஊர் இன்ஜினியரிங் காலேஜில் மெக்கானிக்கல் கடைசி வருடம்.

"பாய், இத கொஞ்சம் பாரு. போன வருஷத்துலேர்ந்து இத்த கட்டிகினு அழுவுது பொண்ணு" என்றார் ஏழுமலை.

"அப்பா, சும்மா இரு. நான் சொல்றேன்" என்று நந்தினி முன்னால் வந்தாள்.

காலேஜ்களுக்கு நடுவே ரோபோ போட்டி. மைதானத்தின் நடுவில் ஒரு கட்டம். ரோபோ அதில் போய் நின்றபிறகு நகரக் கூடாது. சுற்றிலும் பக்கத்திலும் தூரத்திலும் கூடைகள். நின்ற இடத்திலிருந்தே தலையைத் திருப்பித் திருப்பிப் பந்துகளை எறிய வேண்டும். எல்லாக் கூடைகளிலும் முதலில் பந்து போடுகிற அணிக்குத்தான் வெற்றி. திரும்புகிற அந்தத் தலையை அவர்கள் 'டரட்' என்றார்கள். ஜமால் பாய் அதைப் பார்த்த உடனே 'கழுத்து' என்று பெயர் வைத்துவிட்டார். கடைசிவரை எங்கள் பட்டறையில் அது கழுத்துதான்.

"போன வருஷம் மொத ரவுண்டுலயே கழுத்து மாட்டிகிச்சு மேடம். திரும்பவே இல்ல. காலேஜ்ல இன்னமும் எங்கள பாத்தா கழுத்த புடிச்சிகினு நடந்து காட்டுறானுங்க" என்றாள். "இந்த வருஷமும் தோத்தா எங்க ரோபோ கிளப்பு ரூமை வேற கிளப்புக்குக் குடுத்துடுவாங்க. எனக்கு இதான் கடைசி வருஷம்."

பிளைவுட்டைத் திருப்பிப் பார்த்தேன். நடுவே சுழல் நாற்காலியிலிருந்து கழற்றிய பேரிங். கையால் அழுத்தினால் நாலு பக்கமும் ஆடியது. ஆடுகிற கழுத்தை வைத்துக்கொண்டு குறி பார்த்து எப்படி எறிவது?

"இது எங்க உக்காருதுன்னு நான் பாக்கணும்" என்றேன். மறுநாளே காலேஜுக்குப் போய், ரோபோ ஓடுவதையும் எறிவதையும் அரை நாள் உட்கார்ந்து பார்த்தேன். பந்தை எறியும் சக்கரம் வேகமாகச் சுற்றும்போது தலை முழுக்க அதிர்ந்தது. நந்தினியின் அணியில் இருந்த பிரவீன் என்ற பையன் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, தலை எவ்வளவு திரும்பியது என்று கோடு கோடாகக் காட்டினான். திரும்பச் சொன்ன இடம் ஒன்று, போய் நின்ற இடம் ஒன்று. பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. இது நம் சுரங்கத்து மெஷின்தானே! அதே வளையம், அதே உருண்டை, அதே பல். அளவு மட்டும்தான் சின்னது.

உற்சாகமாகச் செய்தேன். நல்ல ஸ்டீலில் உள்வளையம், வெளிவளையம், நடுவே உருண்டை ஓடும் பள்ளம். வெளியே பற்களை ஜமால் பாயின் மில்லிங் மெஷினில் வெட்டினேன். ஒரு விரலால் தள்ளினால் சத்தமில்லாமல் சுற்றியது. கட்டைவிரலால் விளிம்பைத் தடவிப் பார்த்தேன். ஒரு பிசிறு இல்லை.

நந்தினி வந்தாள். இரண்டு கையாலும் தூக்கினாள். மெதுவாகக் கீழே வைத்தாள்.

"சூப்பரா இருக்கு மேடம். ஆனா வேணாம்."

"வேணாமா?"

"வெயிட்டுக்கு லிமிட் இருக்கு மேடம். இத வெச்சா, மோட்டார் பேட்டரி எல்லாத்தையும் வூட்லயே உட்டுட்டு இத மட்டும்தான் போட்டிக்கு எடுத்துகினு போவணும்."

ஜமால் பாய் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார். எனக்கு முகம் சுருங்கிவிட்டது. எவ்வளவோ வருடம் கழித்து என் வேலை ஒன்று திரும்பி வந்திருக்கிறது. அதுவும் இருபத்தொரு வயதுப் பெண் வேண்டாம் என்கிறாள். கோபத்தோடு அந்த வளையத்தை வீட்டுக்கே எடுத்துப்போனேன். என் கணவர் திருநெல்வேலிக்காரர். அதைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, மேலே ஒரு தட்டு, தட்டின் மேல் குழம்புச் சட்டி வைத்துச் சுற்றிவிட்டார். "நல்லாத்தாம்ல ஓடுது. அந்தப் புள்ள சொல்லுததும் சரிதான? நீ மலையப் பொரட்டுத மெஷினுக்குச் செஞ்சே. அவ கேக்கது பறக்கணும்லா" என்றார்.

அன்று தூக்கம் வராமல் யோசித்ததில் எனக்கே புரிந்தது. என் சர்வீஸ் முழுக்கக் கனம்தான் பலம். உடையுமோ என்று சந்தேகம் வந்தால் இன்னும் கொஞ்சம் தடிமன் வைப்போம். வளையம் எவ்வளவு கனம் என்று யாரும் என்னைக் கேட்டதே இல்லை. இந்தப் பெண் கிராம் கணக்கில் கேட்கிறாள். எனக்கு இது புது வேலை. அறுபதைத் தாண்டி ஒரு புது வேலை! கோபம் போய் ஒரு பரபரப்பு வந்துவிட்டது.

அடுத்தது அலுமினியம். தடிமன் குறைந்த வளையம். லேத்தில் மூன்று தாடையில் பிடித்துக் கடைந்தேன். மெஷினில் இருக்கும்போது அளந்தால் அச்சு அசல் வட்டம். தாடையைத் தளர்த்தி வெளியே எடுத்து அளந்தால் மூன்று பக்கம் உப்பல். பிடித்த பிடியிலேயே மெல்லிய வளையம் நெளிந்து, விட்டதும் தன் போக்குக்குப் போய்விட்டது. இரண்டாவதை வேறு மாதிரி செய்தேன். வளையமாக இல்லாமல் முழுத் தகடாகவே எடுத்து, பின்னால் வெட்டி எறியப்போகிற நடுப்பகுதியில் போல்ட் போட்டு லேத்தின் முகத்தட்டோடு தட்டையாக இறுக்கினேன். பக்கவாட்டில் அதை எதுவும் தொடவில்லை. இரண்டு பக்கமும் முரட்டுக் கடைசல் முடித்துவிட்டு, ஒரு நாள் சும்மா கிடக்கவிட்டேன். உள்ளே இருக்கிற முறுக்கு அடங்க வேண்டும். மறுநாள் போல்ட்டுகளை எல்லாம் தளர்த்தி, விரலால் மட்டும் திருகி, கடைசியாக லேசாக இறுக்கி, முடி போல மெல்லிய சுருள் வரும்படி கடைசி வெட்டு. நடுப்பகுதியை எல்லாம் முடிந்தபிறகுதான் அறுத்து எடுத்தேன். இந்த முறை வட்டம் வட்டமாகவே இருந்தது.

நந்தினி ஒரு கையால் தூக்கினாள். சிரித்தாள். தராசில் வைத்தோம். அவள் கேட்டதற்கும் குறைவு.

ஆனால் இரண்டு நாள் ஓட்டியதும் கரகரவென்று சத்தம். பிரித்துப் பார்த்தால் பள்ளத்தில் வரிசையாகக் குழிகள். எறியும் சக்கரத்தின் அதிர்வில் ஸ்டீல் உருண்டைகள் அலுமினியத்தைக் குத்திக் குத்தி அம்மைத் தழும்பு மாதிரி ஆக்கியிருந்தன. ஸ்டீல் வைத்தால் கனம். அலுமினியம் வைத்தால் குழி. ஜமால் பாய், நந்தினி, நான் மூன்று பேரும் அதைக் கை மாற்றித் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். 

நந்தினிதான் சொன்னாள். "பால் அலுமினியத்த தொடவே கூடாது மேடம். அது ஓடுற கோட்டுல மட்டும் ஸ்டீல் இருந்தா போதும். முழுசா வேணாம். கம்பி மாதிரி மெல்லிசா..."

'கம்பி' என்று அவள் சொன்னபோது என் பார்வை ரோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்த சைக்கிள் கடைக்குப் போனது. உருண்டைகளையே அங்கேதான் வாங்கியிருந்தோம். கடைக்காரர் ஒரு சக்கரத்துக்கு ஸ்போக்ஸ் மாட்டிக்கொண்டிருந்தார்.

"ஜமால் பாய், ஸ்போக்ஸ் கம்பி!" என்றேன்.

நந்தினி எழுந்து ஓடினாள். ஒரு கட்டு ஸ்போக்ஸோடு திரும்பி வந்தாள். அந்த வாரம் முழுக்க அதுதான் வேலை. பள்ளத்தின் மூலைகளில் கம்பி உட்காருவதற்கு நாலு சின்னக் காடிகள் வெட்டினேன். மரக்கட்டையில் வளையத்தைவிடச் சின்னதாக ஒரு வட்டம் கடைந்து, அதில் கம்பியைச் சுற்றி வளைத்தேன். கையை எடுத்ததும் கம்பி கொஞ்சம் விரியும் அல்லவா, விரிந்தபிறகு சரியான அளவுக்கு வந்தது. ஒரு ஸ்போக்ஸ் ஒரு சுற்றுக்குப் போதாது. துண்டுகளை அடுத்தடுத்து வைக்கவேண்டும். துண்டும் துண்டும் சேரும் இடத்தில் உருண்டை ஏறி இறங்கினால் 'டிக்' என்று தட்டும். முனைகளை எண்ணெய்க் கல்லில் சாய்வாகத் தேய்த்தேன். தட்டுவது குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. பிரவீன் அதைக் கேட்டுவிட்டு, தாளில் வட்டம் போட்டுக் கணக்குப் பார்த்தான். ஒரே நேரத்தில் இரண்டு உருண்டைகள் இணைப்பில் ஏறாதபடி, ஒவ்வொரு கம்பியின் இணைப்பையும் எந்த இடத்தில் தள்ளி வைக்கவேண்டும் என்று குறித்துக் கொடுத்தான். அப்படியே வைத்தேன். தட்டல் அடங்கிவிட்டது.

கடைசியாகப் பற்களைப் பொருத்துவது. ஈயக் கம்பி இதற்குத் தடிமன். தினசரி காலண்டர் தாளை நாடா போலக் கத்தரித்துப் பற்களுக்கு நடுவே ஓட்டினேன். ஒரு முழுச் சுற்று. தாள் எங்கே அதிகமாக நசுங்கியதோ அங்கே சாக்பீஸால் ஒரு கோடு. அந்தக் கோட்டில் நிறுத்தி, அங்கே இடம் விட்டு மோட்டாரை இறுக்கினேன். பிரவீன் லேப்டாப்பில் ஓட்டினான். கழுத்து திரும்பி நின்றது. திரும்பச் சொன்ன கோடும் போய் நின்ற கோடும் ஒன்றின் மேல் ஒன்று விழுந்தன. பிரவீன் லேப்டாப்பைத் தட்டிப் பார்த்தான், படம் உறைந்துவிட்டதோ என்று.

போட்டி கோயம்புத்தூரில். நானும் கூட வரவேண்டும் என்று நந்தினி கேட்டாள். "கழுத்துக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் யாரத் தேடுவேன் மேடம்?" ஏழுமலையும் ஷிப்ட் மாற்றிக்கொண்டு வந்தார். ரோபோவைப் போர்வையில் சுற்றி ரயிலில் மடியில் வைத்துக்கொண்டே வந்தார்.

அங்கே போனதும் முதல் சோதனையே எடை. எங்கள் முறை வந்தது. தராசில் வைத்தார்கள். சிவப்பு விளக்கு எரிந்தது.

நந்தினியின் முகம் வெளுத்துவிட்டது. கிளம்புவதற்கு முன்னால் பழைய பேட்டரி பழுதாகி வேறு வாங்கிப் போட்டிருந்தார்கள். அது கொஞ்சம் கனம். மற்ற அணிகள் எடை போட்டு முடிப்பதற்குள் குறைத்துக்கொண்டு வந்தால் இன்னொரு வாய்ப்பு உண்டு என்றார் நடுவர். மூடிகளைக் கழற்றினார்கள். ஸ்டிக்கரைக்கூட உரித்தார்கள். அப்படியும் பச்சை வரவில்லை. எல்லோரும் ரோபோவைப் பார்த்துக்கொண்டு நின்றோம். நந்தினி மட்டும் வளையத்தைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்து கேட்க அவளுக்கு மனம் வரவில்லை.

"டிரில் எங்க கெடைக்கும்?" என்றேன் நான்.

"மேடம், உங்க ரிங்கு..."

"எத்தன கிராம் வேணும்? அத மட்டும் சொல்லு."

பக்கத்து அணிப் பையன்கள் கை டிரில் கொடுத்தார்கள். நந்தினி எந்த அளவு டிரில்லுக்கு ஒரு துளை எத்தனை கிராம் என்று தரையில் உட்கார்ந்து கணக்குப் போட்டாள். கம்பி உட்கார்ந்திருக்கும் பக்கம் போகக் கூடாது, பற்களின் அடியிலும் போகக் கூடாது. நடுவே ஒரு விரல் அகலத்துக்குத்தான் இடம். அங்கே துளைகளுக்கு மையம் குத்திக் குறித்தேன். தூள் உருண்டைகளுக்குள் விழுந்தால் எல்லாம் போச்சு. இடைவெளி முழுக்க டேப் ஒட்டி, அதன் மேல் கிரீஸை அப்பினேன். தூள் வந்து கிரீஸில் ஒட்டிக்கொள்ளும். ஏழுமலை ரோபோவைக் கட்டிப்பிடித்தபடி உட்கார்ந்தார்.

"ஆடக் கூடாதுங்க" என்றேன்.

"மூச்சே உடல மேடம்."

முதல் துளைக்கு டிரில்லை இரண்டு முறை வைத்து வைத்து எடுத்தேன்.  பிசிறில்லாமல் நான் செய்த பொருளிலேயே துளை போடுகிறேன். மூன்றாவது துளையில் கை பழகிவிட்டது. பிறகு ஒரே ஓட்டம். எதிரும் புதிருமாகப் போட்டுக்கொண்டே வந்தேன். ஒரு பக்கம் மட்டும் இளைத்தால் தலை சாயும். முடித்து, கிரீஸோடு தூளை வழித்து, டேப்பை உரித்து, ஒவ்வொரு துளையின் விளிம்பையும் விரலால் தடவி, அரத்தால் தேய்த்தேன். அப்புறம் பார்த்தால், சுற்றிலும் ஒரே சீராகத் துளைகள். வேண்டுமென்றே அழகுக்குச் செய்தது போல இருந்தது.

கடைசி அணி தராசிலிருந்து இறங்கும்போது நாங்கள் ஏறினோம். பச்சை விளக்கு.

ஏழுமலை அப்போதுதான் மூச்சு விட்டார். அந்தக் கூடமே திரும்பிப் பார்க்கும்படி விட்டார்.

போட்டியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. காரணம், எங்கள் ஆட்டங்கள் சீக்கிரம் சீக்கிரம் முடிந்துவிட்டன. ரோபோ கட்டத்தில் போய் நிற்கும். தலை திரும்பும், நிற்கும், எறியும். திரும்பும், நிற்கும், எறியும். பந்து கூடையில் விழும் சத்தம்தான் கேட்கும், கழுத்தின் சத்தம் கேட்காது. மற்றவர்களின் ரோபோக்கள் திரும்பிவிட்டுக் கொஞ்சம் ஆடி அடங்கும்வரை காத்திருக்கவேண்டியிருந்தது. எங்களுடையது காத்திருக்கவில்லை. இறுதி ஆட்டத்தில் எதிர் அணி பெரிய காலேஜ். விலை கொடுத்து வாங்கிய பளபளப்பான பேரிங். நன்றாகத்தான் எறிந்தார்கள். ஆனால் அவர்களுடைய பாதிக் கூடைகள் நிரம்பும்போது எங்கள் கடைசிப் பந்து பறந்துகொண்டிருந்தது. அது விழுந்ததும் மணி அடித்தது. நந்தினி அழவில்லை, கத்தவில்லை. ஓடி வந்து, கிரீஸ் கறை படிந்த என் இரண்டு கைகளையும் பிடித்துத் தூக்கிக்கொண்டு மைதானத்தின் நடுவே இழுத்துப் போனாள். பிரவீன்தான் தரையில் உட்கார்ந்து அழுதான்.

பரிசு கொடுத்த பிறகு எதிர் அணியின் பேராசிரியர் வந்தார். வளையத்தைக் குனிந்து பார்த்தார். துளைகளைத் தொட்டுப் பார்த்தார்.

"இது எந்தக் கம்பெனியில வாங்கினது? கேட்லாக்ல நான் பாத்ததே இல்லையே" என்றார்.

"மந்தாரக்குப்பம் சார்" என்றாள் நந்தினி. அவர் அந்தப் பெயரை ஏதோ வெளிநாட்டுக் கம்பெனி என்று நினைத்துக்கொண்டு போனில் எழுதிக்கொண்டார். பிறகு விஷயம் தெரிந்து என்னிடம் வந்து, கம்பியை எப்படி வளைத்தீர்கள் என்று கேட்டார். ஸ்போக்ஸ் என்றதும் சத்தமாகச் சிரித்துவிட்டு, தன் மாணவர்களை எல்லாம் கூப்பிட்டார். நந்தினியும் நானும் மாறி மாறிச் சொன்னோம். எங்கள் ரயிலுக்கு நேரமாகும்வரை அவர்கள் கேட்டார்கள்.

ரயிலிலிருந்து பஸ் மாறி, மறுநாள் காலை மந்தாரக்குப்பத்தில் இறங்கினோம். ஆட்டோ பிடிக்கலாம் என்றேன். ஏழுமலை கேட்கவில்லை. ரோபோவைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கடைத்தெரு வழியாகவே நடந்தார். முதல் ஷிப்டுக்குப் போகிற கூட்டம் சைக்கிளை நிறுத்தி நிறுத்திப் பார்த்தது. டீக்கடை வாசலில் அவரோடு வேலை பார்க்கிற கான்ட்ராக்ட் ஆட்கள் நின்றார்கள்.

"என்னா ஏழுமல, என்னாத்த தூக்கிகினு வர்ற?"

அவர் நின்றார். ரோபோவை டீக்கடை பெஞ்சின் மேல் இறக்கிவைத்தார். தோள் துண்டால் அதைத் துடைத்தார்.

"எம்பொண்ணு செஞ்சது. கோயம்புத்தூரே பாத்துச்சு. கப்பு வாங்கிகினு வந்துருக்கு" என்றார். பிறகு என் பக்கம் கையை நீட்டி, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார். "கழுத்து மட்டும் இந்தம்மா செஞ்சது. கஸ்தூரியம்மா."

எத்தனையோ வருடம், எத்தனையோ பாகம் செய்து அனுப்பியிருக்கிறேன். எல்லாம் சுரங்கத்துக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். எதை யார் செய்தது என்று யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. நான் செய்த பொருளைக் காட்டி என் பெயரைத் தெருவில் ஒருவர் சத்தமாகச் சொல்லிக் கேட்டது அன்றுதான்.

"திருப்பிக் காட்டச் சொல்லுப்பா பாப்பம்" என்றார் ஒரு பெரியவர்.

நந்தினி குனிந்து சுவிட்சைப் போட்டாள். தலை மெல்லத் திரும்பியது. டீக்கடைக்காரரைப் பார்த்து நின்றது. அப்புறம் பஸ் ஸ்டாப்பைப் பார்த்தது, சைக்கிள்காரர்களைப் பார்த்தது. அதற்குள் ஜமால் பாய் பட்டறையிலிருந்து லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்துகொண்டிருந்தார். தலை அவர் பக்கம் திரும்பி நின்றதும், அவர் நடுரோட்டிலேயே நின்று அதற்கு ஒரு சல்யூட் அடித்தார்.